மஸ்கட்டில் மட்டும் திறக்கும்

சுயம்பண்ணா,

மரச்சீனிக் கிழங்கு அவித்து மூடி வைத்திருக்கிறேன். சாளை மீன் குழம்பைச் சூடாக்கிக்கொள். கருங்கல் டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். ஆறு மணிக்குள் வந்துவிடுவேன்.

நீ மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்த கம்ப்யூட்டர் விளையாட்டு திறக்கவில்லை என்று, நேற்று அம்மா முன்னால் "கள்ளக் காப்பியத் தந்து ஏமாத்திட்டியே" என்றேன். நீ சாப்பிடாமல் எழுந்துபோனாய்.

நான் எழுதிக் கேட்டதற்கு இன்று காலை விளையாட்டுக் கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது. நீ வாங்கியது அசல்தானாம். கள்ளக் காப்பியைத் தடுப்பதற்காக, ஓமானில் விற்றதை இந்தியாவில் திறக்காதபடி பூட்டியிருக்கிறார்களாம். வாங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்களா?

அடுத்த வீட்டு அஞ்சலி கள்ளக் காப்பியிலேயே விளையாடி முடித்துவிட்டாள். "காசு குடுத்தவங்களுக்குத்தான் பூட்டா, மக்கா?" என்று சிரிக்கிறாள். பென்டிரைவில் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

முறையாக வாங்கிய உன்னை அவர்கள் கள்ளனாக்கினார்கள். நானும் அவர்கள் பக்கம் நின்றுவிட்டேனே, அண்ணா.

ஆதிரா

பி.கு.: குப்பையில் நீ போட்ட அந்த விளையாட்டு டிஸ்க்கை உறையோடு துடைத்து உன் பெட்டியில் வைத்திருக்கிறேன். மஸ்கட்டில் அது திறக்கும். திரும்பிப் போனதும் நீ விளையாடு, நான் வீடியோ காலில் பார்த்துக்கொள்கிறேன். எடுப்பாய்தானே?