நிறுத்திய ஊசி

சென்னை
12.8.1996

அன்புள்ள அண்ணனுக்கு பிருந்தா எழுதுவது.

ஆடி முடியப்போகிறது, இங்கே காற்றே இல்லை. விடுதிச் சாம்பாரைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், பொடி அரைத்து அனுப்பிவிடுவாள்.

எக்கோ பயிற்சியில் இது இரண்டாவது மாதம். நெஞ்சில் ஜெல் தடவி, விலா எலும்புகளின் இடுக்கில் கருவியை வைத்தால் இதயம் துடிப்பது திரையில் தெரியும். எனக்குத்தான் பிடிபடவில்லை. கொஞ்சம் நகர்ந்தாலும் படம் போய்விடுகிறது. "அலையாதே, மெதுவா சாய்ச்சுப் பாரு" என்கிறார் டாக்டரம்மா. தூக்கத்திலும் கை தேடிக்கொண்டே இருக்கிறது.

தையில் கல்யாணம் என்றால் பயிற்சி முடியாதே. பேட்டை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வருஷம் தவணை கேட்டுப் பாருங்களேன். மாடிப்படி ஏறினால் ஏனோ மூச்சு வாங்குகிறது. மற்றபடி சுகம்.

உங்கள் தங்கை
பிருந்தா

வண்ணார்பேட்டை
20.8.1996

அன்புத் தங்கச்சிக்கு,

ஆவணி முகூர்த்த யாவாரம். ஜவுளிக்கடையில நின்னுக்கிட்டேதான் எழுதுதேன்.

மாப்பிள்ளை சங்கரசுப்பிரமணியன் தங்கமான பையன். சொந்தப் பட்டறை. ஆனா அவங்க அம்மா, "எங்க வீட்டுல அந்த மிஷினா இருக்கு, படிச்சது போதும்"ங்காங்க. தைதான், மாத்த முடியாது.

மூச்சு வாங்குதுன்னு யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதே.

அண்ணன்
தில்லைநாயகம்

சென்னை
2.9.1996

அண்ணா,

பயிற்சியில் ஒருவரையொருவர் படம் எடுத்துப் பழக வேண்டும். நேற்று என்னோடு படிக்கிற லில்லி எனக்கு எடுத்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். திரும்பி நானே பார்த்தேன். இடப்பக்க வால்வின் இதழ்கள் தடித்து ஒட்டியிருக்கின்றன. சரியாகத் திறக்கவில்லை.

சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்பது வயதில் முழங்கால் வீங்கிக் கிடந்தேனே. மூன்று வாரத்துக்கு ஒருதடவை பாளையங்கோட்டைக்கு சைக்கிளில் வைத்து ஊசி போடக் கூட்டிப்போவீர்கள். திடீரென்று நின்றது. குணமாகிவிட்டதென்று நினைத்தேன். அந்தக் காய்ச்சல் திரும்ப வந்து வால்வைக் கெடுத்துவிடாமல் இருக்கப் பல வருஷம் போட வேண்டிய ஊசியாம் அது. ஏன் நிறுத்தினோம்?

இப்படியே பிள்ளை உண்டானால் உயிருக்கு ஆபத்து. முப்பதாம் தேதி பலூன் செலுத்தி வால்வை விரிக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நான் எழுதட்டுமா?

பிருந்தா

வண்ணார்பேட்டை
14.9.1996

பிருந்தாவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில வச்சுப் படிக்க முடியலை. ஆத்துப் பாலத்துக்குப் போயிட்டேன்.

அப்பாதான் நிறுத்தினார். "பொம்பளப் பிள்ளைக்கு இருதயத்துல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்"ன்னார். எனக்கு அப்போ பத்தொன்பது வயசு. எதிர்த்துப் பேசலை. அப்பா காலமான பிறகாவது உன்ட்ட சொல்லியிருக்கலாம். நீ ஓடியாடித் திரிஞ்சியா, அதைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.

நேத்து பேட்டைக்குப் போனேன். மாப்பிள்ளை பட்டறை மிஷினை நிறுத்திட்டு முழுசும் கேட்டான்.

"அவுகளுக்கே தெரியாதா அண்ணாச்சி?"ன்னான்.

"அவளுக்குத் தெரியாது தம்பி. எங்களுக்குத் தெரியும்"னேன்.

பொழுது சாயறதுக்குள்ள நிச்சயப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்துட்டு. குடுத்து அனுப்பினேன். அம்மா என்கூடப் பேசலை.

இருபத்தெட்டாந் தேதி ரயிலுக்குக் கிளம்புதேன். ஆஸ்பத்திரியில கையெழுத்து நான் போடுதேன். பயிற்சியைப் பாதியில விட்டுட்டு வரவேண்டாம், எத்தனை மாசம் ஆனாலும் முடி.

நீ பதில் போடலைன்னாலும் வருவேன். பேசலைன்னாலும் பக்கத்துல உக்காந்திருப்பேன்.

அண்ணன்