கருவாயனும் அம்மாவின் கோழிகளும்

அக்டோபர் 6, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்தால் வாசலெல்லாம் இறகு. கருவாயன் மூன்று கோழிகளைக் கொன்றிருந்தது. ஒன்றையும் தின்னவில்லை. கழுத்தைக் கவ்வி உலுக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தியிருக்கிறது. தொட்டியோரம் ஒரு பெட்டை இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அம்மா அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பூசைக்குக் கட்டிய புடவை.

கரும்பில் பன்றி இறங்குகிறது என்று அமல் அண்ணன் கல்வராயன் மலைக்காரர் ஒருவரிடம் வாங்கி வந்த வேட்டை நாய். உடம்பு செம்மண் நிறம், வாய் மட்டும் கறுப்பு.

அண்ணன் வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தான். யாரை அடிப்பதென்றாலும் அதுதான் முதல் வேலை. சைக்கிள் டியூப்பால் அடித்தான். நாய் கத்துவதை நிறுத்திய பிறகும் அடித்தான். கடைசியில் செத்த கோழி ஒன்றை அதன் கழுத்தில் இறுக்கிக் கட்டினான்.

"அழுவி வுழற வரைக்கும் தொங்கட்டும். அப்பதான் புத்தி வரும்."

அக்டோபர் 9

கோழியில் புழு. நாய் கஞ்சியைத் தொடவில்லை. தன் கழுத்தில் இருப்பதைக் கடிக்கத் தலையைச் சுற்றிச் சுற்றித் திருப்புகிறது. எட்டவில்லை.

அக்டோபர் 10

அறுத்து எறிந்துவிட்டேன். "எவடி அவுத்தது?" என்றான். அறைந்தான். காது இன்னும் அடைத்திருக்கிறது. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவன் கோவம் தெரிஞ்சிகினே ஏன் பாப்பா அதுங்கிட்ட போற?"

அக்டோபர் 13, ஞாயிறு

இன்னொரு கோழி போய்விட்டது. குடலை இழுத்துப் போட்டிருந்தது.

நான் கவனித்து வருகிறேன். அண்ணன் வீட்டில் இருந்தால் கருவாயன் கோழிப் பக்கம் கண்ணைத் திருப்புவதில்லை. அவன் டிராக்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் தலை எழும்புகிறது. அடி கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.

"இன்னும் ஒரு கோழி செத்துதுன்னா புளியமரத்துல தூக்குல போட்ருவேன்," என்றான். கோழிகள் அம்மாவுடையவை. அப்பா போன பிறகு முட்டை விற்றுத்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி. நாயும் கோழியும் ஒன்றாக இருக்க முடியாது என்றால் அவள் எதைச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாதா?

"எங்கிட்ட குடுண்ணா. நான் பழக்கறேன்."

நான்தான் சொன்னேன். எப்படி வந்தது அந்தக் குரல்?

அண்ணன் சிரித்தான். "டிகிரி வாங்கினு வந்து நாய்க்கு டியூசன் எடுக்கப் போறியா? எடு, எடு. பொங்கல் வரைக்கும் பாக்கறேன்."

அக்டோபர் 20, ஞாயிறு

கயிற்றின் ஒரு முனை கருவாயன் கழுத்தில், மறுமுனை என் இடுப்பில். கோழிகள் மேய்கிற இடத்துக்கு வெகுதூரம் தள்ளி உட்காருகிறோம். அது கோழியைப் பார்க்கும்போது வாய் மூடிக்கொள்கிறது, ஒரு முன்னங்கால் எழும்புகிறது. பாய்வதற்கு முன் அந்த ஒரு நொடிதான். அப்போது "விடு" என்கிறேன். திரும்பி என்னைப் பார்த்தால் ஒரு துண்டு கருவாடு. பார்க்காவிட்டால் எழுந்து இன்னும் தள்ளிப் போய்விடுகிறோம். வேறொன்றும் இல்லை.

இன்று பெரும்பாலும் தள்ளிப் போனோம்.

நவம்பர் 8

பாய்ந்தது. இடுப்பைச் சுற்றித் தோல் உரிந்துவிட்டது. கோழி பிழைத்தது.

நவம்பர் 24, ஞாயிறு

கிட்டே போய்விட்டோம். குஞ்சுக்காரிப் பெட்டை ஒருத்தி நாயின் மூஞ்சியிலேயே பாய்ந்து கொத்தினாள். கண்ணுக்குக் கீழே ரத்தம். கருவாயன் உதடு மேலே போனது, பல் முழுக்கத் தெரிந்தது, தொண்டைக்குள் உறுமல். என்னால் கயிற்றைப் பிடித்திருக்கவே முடியாது. "விடு" என்றேன். காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

விட்டது! என் முழங்காலுக்குப் பின்னால் வந்து நின்று நடுங்கியது.

டிசம்பர் 15, ஞாயிறு

கயிறு இல்லாமல் ஒரு வாரம். வெயிலில் படுத்திருக்கிறது, முதுகில் குஞ்சுகள் ஏறி இறங்குகின்றன. அம்மா தவிட்டுக் கிண்ணத்தோடு நின்று வெகுநேரம் பார்த்தாள்.

அண்ணனின் கூட்டாளிகள் வந்தார்கள். "இன்னாடா அமலு, உன் வேட்ட நாய் அட காக்குது!" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே வாட்சின் வாரைத் தடவினான்.

டிசம்பர் 27

அன்றைக்கே எழுத முடியவில்லை. விரல் மடங்கவில்லை.

கிறிஸ்துமஸ் மத்தியானம். பிரியாணி, சரக்கு, அதே கூட்டாளிகள். அண்ணன் ஒரு பெட்டையைப் பிடித்து நாயின் மேல் எறிந்தான். கருவாயன் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது. மறுபடி எறிந்தான். மறுபடியும் என்னைத்தான் பார்த்தது. "பாப்பா ஜெயிச்சிட்சுடா!" என்று ஒருவன் கை தட்டினான். தட்டாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் அந்தப் பெட்டையின் கழுத்தைத் திருகினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அதை நாயின் வாய்க்குள் திணித்தான், ஈறு கிழியக் கிழிய.

"பாருங்கடா, கட்ச்சிட்சு. கயிறு எடுங்கடா. யம்மா, நீ சொல்லு. நாய்தான?"

அம்மா கதவருகில்தான் நின்றாள். ஆரம்பத்திலிருந்து நின்றாள்.

"ஆமா," என்றாள். "நாய்தான்."

"நீதான் கொன்ன," என்றேன் நான்.

வாட்ச். முதல் அடியில் சுவரில் மோதினேன். இரண்டாவதில் தரை, கை அடியில் சிக்கியது. வயிற்றில் மிதித்தான். அதற்குள் கருவாயன் அவன் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. கோழியை உலுக்குவது போல ஓர் உலுக்கு. அவன் அலறி அந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை. ரத்தம் என் முகத்தில் சொட்டியது. ஒரு நொடி - சும்மா இருக்கலாமா என்று நினைத்தேன். நினைத்தேன்தான்.

"விடு."

விட்டது.

அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஜெயசுதாவுக்குப் போன் செய்தேன். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சு. எலவனாசூர்கோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள். கருவாயனைக் கால் வைக்கிற இடத்தில் ஏற்றினோம். அம்மா செத்த பெட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகிறேன் என்றேன். நிமிரவில்லை.

ஜனவரி 20

இங்கே, ஜெயசுதா ஊரில், ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் சத்தமாகப் பேசச் சொல்கிறார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. "பல்லு ரெண்டு ஆடுது பாப்பா. கஞ்சி கூட குடிக்க முடில." யார் அடித்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"அங்க கோழி வெக்க எடம் இருக்குமா?"

"இருக்கும்மா. கொல்லப்பக்கம் பெருசு."

"நாய்?"

"இங்கதான். அது ஒண்ணும் பண்ணாதும்மா."

"தெரியும்," என்றாள். "அன்னிக்கி நான்தான் பாத்துகினே நின்னனே."

நாளை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். ஜெயசுதா கோழிக் கூடைகளைக் கழுவிக் காய வைக்கிறாள்.