பதினான்காவது நிமிடத்தின் இரைச்சல்

ஜூன் 1, 2012. வெள்ளி. தி.வனம்.

கடும் வெயில். பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் வேலி விசாரணை.

விஷயத்தை இங்கே ஒழுங்காகக் குறித்துவிடுகிறேன். மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கடலுக்குப் போகும் மணல் வழியை இறால் பண்ணைக்காரர் (இனி ப.கா.) பிப்ரவரியில் முள்கம்பி போட்டு அடைத்தார். மீன் கூடையோடு பெண்கள் சுற்றிப்போக மூன்று கி.மீ. 2007-ல் பண்ணை தொடங்கும் முன், குப்பத்துக் கூட்டத்தில் வழியைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர் இதே ப.கா. இன்று அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. அன்று செய்திக்குப் போன நான் பதிந்த கேசட்டில் இருக்கிறது. மொத்தம் இருபத்து மூன்று நிமிடம். வாக்கு வருவது பதினான்காவது நிமிடத்தில்.

கேசட்டை லேப்டாப்பில் ஏற்றி, சி.டி. போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அங்கே பெரிய ஸ்பீக்கரில் வைத்ததும் கொய்ய்ய் என்று ஒரே ரீங்காரம். ப.கா. தரப்பு வக்கீல் என் பக்கம் திரும்பி, "இன்னா சார், தேன்கூட்டுக்குள்ள மைக்க வெச்சீங்களா?" என்றார். டைப்பிஸ்ட் அம்மாள் வரை சிரித்தார்கள்.

கோட்டாட்சியர் சிரிக்கவில்லை. "எனக்கு ஒரு வார்த்தையும் விளங்கல. கேசட்டு வாணாம், கோப்புல வெக்க சி.டி.தான் வேணும், அடுத்த வெள்ளிக்கிழமை கொண்டாங்க. தெளிவா, ஒரே ஓட்டமா, வெட்டு ஒட்டு இல்லாம. இல்லன்னா இருக்கறத வெச்சு ஆர்டர் போட்டுடுவேன்."

வெளியே வேப்பமரத்தடியில் அஞ்சலை. மீன் விற்கிறவள், மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது. கோபமாகக்கூட இல்லை. "அன்னிக்கே எழுதிக் குடுங்கன்னு கேட்டன் சார். நீங்க டேப்பு போட்டுக்கினு இருந்தீங்களேன்னுதான் அதோட வுட்டுட்டோம்."

பஸ்ஸில் வி.புரம் வரும்வரை அந்த ஒரு வாக்கியம்.

வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது எனக்குப் புரிந்ததே, எப்படி? ப.கா. கொடுத்த வாக்கு எனக்கு மனப்பாடம். காது தானாக நிரப்பிக்கொண்டது. இருபத்தாறு வருடம் நிருபர் வேலை பார்த்தவனுக்கு இது அசிங்கம்.

ஜூன் 2. சனி. வி.புரம்.

காற்றே இல்லை. காலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வீடியோ கடை. அவர்களிடம் நல்ல மிஷின் உண்டு, அரை மணி வேலை. கடைக்காரர் கேசட்டைத் தொடவில்லை. "பண்ணைக்காரங்க வூட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாம் நம்ம கடைதான் சார். தப்பா நெனச்சுக்காதீங்க." நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை.

சரி, நானே செய்கிறேன். செய்தியைச் சரிபார்ப்பது போலத்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, குறித்து வை.

கேசட்டிலேயே இரைச்சலா? டேப் ரெக்கார்டரில் நேராகக் கேட்டேன். சுத்தம். கேசட் மேல் பழி இல்லை.
இணைக்கும் வயரா? புது வயர். அதே கொய்ங்.
ரெக்கார்டரைக் கரண்டிலிருந்து எடுத்து செல் போட்டு ஓட்டினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.
ஃபேன், டியூப் லைட், டிவி எல்லாம் நிறுத்தினேன். பயன் இல்லை.
ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். பயன் இல்லை. ஆனால் திரும்பப் போட மறந்துவிட்டேன்.

மனைவி சரோஜா (இனி சரோ.) சமையலறையிலிருந்து: "பால் திரிஞ்சிபோச்சு. உங்க கோட்டாட்சியர் வந்து காபி போட்டுக் குடுப்பாராங்க?"

ஜூன் 4. திங்கள்.

நேற்று முகையூரில் கட்சிக் கூட்டம், முழு நாளும் போயிற்று. இன்று லேப்டாப் சர்வீஸ் கடை. கடைக்காரர் இளங்கோ கேட்ட உடனே தீர்ப்பு சொன்னார்: "மதர்போர்டு போயிருக்கும் சார். இல்லன்னா ஃபார்மட் பண்ணிப் பாக்கலாம்." எது என்று கேட்டேன். "ரெண்டும் பண்ணிட்டா சேஃப்."

அவர் பேசிக்கொண்டே சார்ஜரைப் பிடுங்கினார். ஹெட்போன் என் காதில். பிடுங்கிய நொடியில் இரைச்சல் நின்றது. மறுபடி செருகச் சொன்னேன். வந்தது. பிடுங்கச் சொன்னேன். போனது. ஏழு முறை. ஏழும் அப்படியே.

ஆக மதர்போர்டு நிரபராதி. கரண்டில் ஓடினால் இரைச்சல், பேட்டரியில் ஓடினால் இல்லை.

அப்படியானால் பேட்டரியிலேயே பதியலாமே. என் பேட்டரி ஆறு நிமிடம் தாங்கும். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஆறு நிமிடம் பத்து வினாடி. பேச்சு இருபத்து மூன்று. துண்டு துண்டாக எடுத்தால் ஒட்டுவேலை என்பார் வக்கீல். புதுப் பேட்டரி சென்னையிலிருந்து வர வேண்டும். "பத்து நாளு ஆவும் சார். இந்த மாடல் பழசு."

என்னிடம் இருப்பது நான்கு நாள்.

மாலை தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் போன். "நீ நிருபர்யா, சாட்சி இல்ல. விசாரணைக்கு இனிமே போவாத. டேப்பு இரைச்சல்னு சொல்லிட்டு ஒதுங்கிடு." எனக்கு எட்டு வயது இளையவர். மரியாதையாகவே சொன்னேன்: அந்தக் கூட்டத்துக்கு என்னை அனுப்பியது நீங்கள், அங்கே கேட்டதை இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது. போனை வைத்துவிட்டார்.

ஜூன் 5. செவ்வாய்.

கரண்ட் காலை ஆறு முதல் ஒன்பது இல்லை. பன்னிரண்டு முதல் மூன்று இல்லை. நடுவில் கிடைத்ததில் வேலை.

மேஜை துடைக்கும்போது சரோ. லேப்டாப்பை மட்டும் சுற்றித் துடைத்தாள். ஏன் என்று கேட்டேன். "அதான் தொட்டா கூசுதே. ரெண்டு வருஷமா சொல்றேன்." சொல்லியிருக்கிறாள். செருப்புப் போடாமல் வேலை செய்கிறாய், உனக்கு எல்லாம் கூசும் என்று நான்தான் பதில் சொல்லியிருக்கிறேன். நான் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு.

செருப்பைக் கழற்றினேன். வெறுங்காலை சிமெண்டில் வைத்து, லேப்டாப் ஓரத்து உலோகப் பட்டையில் புறங்கையை வைத்தேன். எறும்பு ஊர்வது போல.

இரைச்சல் பாதியாகிவிட்டது.

கையை எடுத்தால் முழு இரைச்சல். வைத்தால் பாதி. மின்சாரத்தில் சரோ. எனக்கு முன்னால் இருக்கிறாள். அவளிடம் சொன்னேன். "எழுதி வெச்சுக்குங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

ஜூன் 6. புதன்.

காலை 9.05. கரண்ட் வந்ததும் தரையில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். ஈரத்தில் வெறுங்கால், இடது கை லேப்டாப் பட்டையில், வலது கையில் பேனா. இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. பதிவு ஆரம்பம்.

சரோ. வாசற்படியில் நின்று பார்த்தாள். "நல்லா கீதுங்க. இப்பிடியே போட்டோ புடிச்சு உங்க பேப்பர்ல போடச் சொல்லுங்க."

பதினோராம் நிமிடம் கால் மரத்தது. பதினான்காம் நிமிடம் தெளிவாகக் கடந்தது. சந்தோஷத்தில் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

பதினேழாம் நிமிடம் கரண்ட் போனது. அறிவிப்பு இல்லாத வெட்டு. கரண்ட் வரும் முன்பே பேட்டரியைத் தீர்த்திருந்தேன், லேப்டாப் அந்த நொடியே அணைந்தது. பதிவு சேமிக்கப்படவில்லை. ஒன்றும் இல்லை.

சரோ. காலைத் துடைக்கத் துண்டு கொண்டுவந்தாள். "இனிமே இந்த வேல வாணாம். சொன்னா கேளுங்க" என்றாள், சிரிக்காமல்.

கரண்ட் போகாத இடம் வேண்டும். ஜெனரேட்டர் இருக்கும் இடம். வீடியோ கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி. யோசித்துக்கொண்டிருக்கும்போதே அஞ்சலை போன். நிலைமையைச் சொன்னேன். "இதுக்கா சார் இவ்ளோ பேஜாரு? நம்ம ஐஸ் கம்பெனில ஜெனரேட்டர் கீதே. கரண்ட் போனா ஐஸ் உருகாது? காலைல ஜல்தியா வாங்க."

ஜூன் 7. வியாழன். மரக்காணம்.

முதல் பஸ். காற்று உப்பு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிய சமயம், ஐஸ் கம்பெனி வாசலில் கூடையோடு இருபது பெண்கள். எல்லாரும் மூன்று கி.மீ. சுற்றி வந்தவர்கள். முழங்கால் வரை சேறு.

மிஷின் ஓட்டுபவர் தனபால். ஐம்பது வயது, காதில் பென்சில். லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. சார்ஜர் வயரின் நுனியைத் தூக்கிப் பிடித்தார்.

"சார், இதுக்கு இன்னொரு காலு எங்க?"

மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. மேலே இருந்த பெரிய பின் இல்லை. உடைந்த தடம், மழுங்கி, பழசாகி.

"எர்த்து காலு சார் இது. கசியற கரண்ட்டு இது வழியாதான் மண்ணுக்குப் போவணும். போவ வழியில்ல, அதான் உங்க பாட்டுல வந்து குந்திக்கிச்சு. எவன் சார் ஒடச்சான்?"

நான்தான்.

நன்றாக நினைவிருக்கிறது. லேப்டாப் வாங்கிய வருடம், தி.வனம் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை, ஆறு மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டும், அவர்கள் சுவிட்ச் பலகையில் இரண்டு ஓட்டைதான். குறடு கேட்டு வாங்கி முறித்தேன். அதன் பிறகு டீக்கடை, போன் பூத், எங்கும் செருகியது. மற்ற நிருபர்களுக்கும் அதே குறடால் முறித்துக் கொடுத்தேன். இந்த மாவட்டத்தில் முழுப் பின் உள்ள நிருபர் இருந்தால் ஆச்சரியம். அன்று அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

தனபாலிடம் சொன்னேன். மறைக்கவில்லை. "அப்ப நீங்களே உங்க வழிய அடச்சுக்கினீங்க" என்றார். அஞ்சலை சிரித்த சிரிப்பில் பின்னால் இருந்த பெண்கள் என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்கள்.

நுனியை வெட்டி, புது மூன்று பின் பிளக் மாட்டினார். உள்ளே எர்த்துக்கான பச்சை வயர் சும்மாவே கிடந்திருக்கிறது, இத்தனை வருடம். பிறகு பின்பக்கம் கூட்டிப்போய் எர்த் குழியைக் காட்டினார். கரி, உப்பு, மேலே ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. "இத்த வுட நல்ல எர்த்து வி.புரத்துலயே கெடையாது சார்." பெருமை முகத்தில்.

செருகினேன். ஹெட்போன் போட்டேன். மிஷின் ஓட்டம் மட்டும் டிக் டிக் என்று லேசாக. நான் கேட்கவில்லை, தனபாலே மிஷினை நிறுத்தினார். வாசலில் ஒரு பெண், "ஐஸ் எப்பங்க?" என்றாள். "இருவத்தி மூணு நிமிசம் பொறு. உன் வழிதான் உள்ள ஓடிக்கினு கீது" என்றார் தனபால்.

9.40 முதல் 10.03 வரை. கரண்ட் போகவே இல்லை. ஜெனரேட்டர் அவசியமே வரவில்லை.

சேமித்தேன். மூன்று இடத்தில் சேமித்தேன். பிறகு ஸ்பீக்கரில் போட்டேன், எல்லாரும் கேட்க. பதினான்காம் நிமிடம்:

அஞ்சலையின் குரல், ஐந்து வருடம் முந்தியது: "எழுதிக் குடுத்துடுங்க."

ஒரு இருமல். இரட்டை இருமல், நடுவில் ஒரு இழுப்பு. இத்தனை நாள் வார்த்தைகளை மட்டுமே கேட்டேன், இதைக் கவனித்ததே இல்லை. பிறகு ப.கா.: "என் வாயி சொல்றது போதாதா? கடலுக்குப் போற வழிய நான் தொடமாட்டேன். அப்பிடியே வேலி போட்டா, என் செலவுல நானே எடுக்கறேன்."

ஒரு கிழவி, "இருமிக்கினேதான் பொய் சொல்லுவான்" என்றாள்.

ஜூன் 8. வெள்ளி. தி.வனம்.

மேகமூட்டம், புழுக்கம். செய்தி ஆசிரியரிடமிருந்து காலையில் இரண்டு போன். எடுக்கவில்லை.

11.30 விசாரணை. ப.கா. நேரில் வந்திருந்தார், வெள்ளை வேட்டி. சி.டி.யைக் கொடுத்தேன். குமாஸ்தா அதைக் கம்ப்யூட்டருக்குள் வைத்துத் தள்ளினார். கரண்ட் போனது.

வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாய்தா போட்டுக்கலாங்களே?"

"வாணாம்" என்றேன். கோட்டாட்சியரிடம் கேட்டேன்: சி.டி. முழுசாகக் கோப்பில் இருக்கட்டும், கரண்ட் வந்ததும் முழுசாகக் கேளுங்கள். இப்போது லேப்டாப்பில் பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து கேட்கலாம், பேட்டரி ஆறு நிமிடம் வரும். "ஆறு நிமிஷம் போதுமா?" என்றார். போதும் என்றேன்.

ஃபேன் இல்லை. டைப் அடிக்கும் சத்தம் இல்லை. வெளியே ஜீப் ஒன்று, அதுவும் நின்றுவிட்டது. அவ்வளவு அமைதியில் அந்த அறையை நான் பார்த்ததில்லை. அஞ்சலை கேட்டாள், ப.கா. இருமினார், வாக்குக் கொடுத்தார். டேப்பில்.

கோட்டாட்சியர் தலையைத் தூக்கினார். "இது உங்க குரல்தானே?"

ப.கா. எழுந்தார். வாயைத் திறந்தார். சொல் வரும் முன் இருமல் வந்தது. இரட்டை இருமல், நடுவில் ஒரு இழுப்பு.

வக்கீல் தன் கோப்பை மூடிவிட்டார். ப.கா. உட்கார்ந்தபின், மெதுவாக: "பேச்சுக்குச் சொன்னதுங்க."

கோட்டாட்சியர் சொல்லச் சொல்ல குமாஸ்தா கையால் எழுதினார். திங்கள் மாலைக்குள் வேலி அகற்றப்பட வேண்டும். பேட்டரி 4 சதவீதம்.

அஞ்சலை வராந்தாவிலேயே போன் போட்டாள், குப்பம் முழுக்கக் கேட்கும்படி. "வேலி போவுது. இன்னா? யாரும் ஒரு கம்பியக்கூட தொடக்கூடாது, சொல்ட்டேன். அவரேதான் எடுக்கணும். அவரு செலவுல."