வீட்டுக்காரன்

திருவள்ளூர்
14-8-1971

கனகாம்பாளுக்கு,

நம் வீட்டுக் கேஸில் இன்றும் வாய்தாதான். நான் மாற்றலில் போனபோது வாடகைக்கு விட்ட வீட்டை, எட்டு வருடமாகக் காலி செய்ய மாட்டேன் என்கிறான் பூவராகவன். சொந்த வீடு கைக்கு வந்தால்தான் வருவேன் என்றாய். உன் அண்ணன் வீட்டிலேயே இரு.

நான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாளின் மகள் குடிவர வேண்டுமாம். பொய்யில்லை, கைக்குழந்தையோடு அவளே வாசலில் வந்து நின்றாள்.

அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேரே பூவராகவனின் வக்கீலிடம் போனேன். அந்த வக்கீல் நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் சபிக்காத நாளில்லை.

"பயப்படாதீங்க சார், பத்து வருஷம் வாய்தா வாங்கிக்கினே இருக்கலாம்" என்றான்.

என் வயிற்றில் பால் வார்த்தான்.

இப்படிக்கு,
உனக்கு மட்டும் வீட்டுக்காரன்