ஸ்டெல்லா, உன் பிள்ளைகள் இடது கையை நீட்டினார்கள்

என் அருமை நாத்தனார் ஸ்டெல்லாவுக்கு,

பள்ளி ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஓர் அஞ்சலி எழுதித் தரச் சொன்னார்கள். "அன்னார் சாரணியர் இயக்கத்துக்கு ஆற்றிய தொண்டு" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். அடுத்த வரி வரவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் உன்னோடு சண்டை போட்டவள், உன்னை "அன்னார்" என்று எப்படி எழுதுவாள்? அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அறையை நீ விட்டுப் போனபடியே வைத்திருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஒழுங்குபடுத்திவிட்டேன். கட்டிலுக்கடியில் நீ சேர்த்து வைத்திருந்த கயிறுகளை எல்லாம் நீளவாரியாகச் சுருட்டி அடுக்கினேன். கல்யாணம் வேண்டாம் என்றவளுக்கு இத்தனை கயிறு எதற்கு என்று உன் அண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பார். இப்போது அவர் உன் பக்கத்தில்தான் இருக்கிறார், நீயே பதில் சொல்லிக்கொள். அப்படியே அவர் சட்டைக் காலரைச் சரியாக மடித்துப் போடுகிறாரா என்றும் பார்.

இனி முக்கியமான செய்தி. உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் எட்டுப் பெண்கள் சீருடையோடு நம் வாசலில் வந்து வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் பவித்ரா. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயக்காரர் மகள், உன் சாரணியர் அணியின் தலைவி. வெங்காயக் காட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிப் பழகிய குரல். தெருவே திரும்பிப் பார்த்தது.

"மேடம், எங்களுக்கு ஒரு பெரியவங்க வேணும்."

"எதற்கு?"

"சும்மா இருக்கறதுக்கு."

நின்ற இடத்திலேயே விஷயத்தைச் சொன்னாள். பயிற்சி பெற்ற கேப்டனாக இருந்த நீ இப்போது இல்லை. உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. மூத்த பெண்மணி ஒருவர் கூட இருந்தால்தான் முகாமுக்கு அனுமதி என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். முகாம் இல்லையென்றால் இவர்களுக்கு இந்த வருஷம் சாரணியர் தேர்வு இல்லை. அடுத்த வருஷம் மூத்தவர்கள் பொதுத் தேர்வு வகுப்புக்குப் போய்விடுவார்கள், சின்ன வகுப்பில் புதிதாக யாரும் சேரமாட்டார்கள், அணியைக் கலைத்துவிடுவார்கள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மேடம். எல்லாம் நாங்களே பாத்துக்குறோம். நீங்க சும்மா ஒக்காந்திருந்தா போதும்."

ஸ்டெல்லா, நான் அரியலூரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான்தான் மற்றவர்களைச் சும்மா உட்காரச் சொல்லியிருக்கிறேன். என்னை யாரும் சொன்னதில்லை. ஆனாலும் சம்மதித்தேன். கருணை என்று நினைத்துவிடாதே. அந்தப் பெண்ணின் கழுத்துத் துணி கோணலாக இருந்தது. அதைச் சரிசெய்ய எழுந்தேன். எழுந்தவளை அப்படியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முகாமுக்கு அவர்கள் பார்த்து வைத்திருந்தது ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே இருக்கும் புளியந்தோப்பு. முத்துவேல் என்ற பெரியவருடையது. போர்வெல் உண்டு, கழிப்பறை உண்டு, எல்லாவற்றையும்விட அவர் பெயருக்கு மரியாதை உண்டு. "அவரு எடமா, அப்ப அனுப்பறோம்" என்று எட்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். வேறு இடமென்றால் பாதிப் பேரை விடமாட்டார்கள். ஆகவே அவர் சம்மதம்தான் முகாம். முகாம்தான் அணி.

இப்படிப்பட்டவரைப் பார்க்கப் போகுமுன் நான் சும்மா இருப்பேனா? கான்வென்ட்டில் எங்களுக்குப் பழக்கியது போலவே வரிசையில் நிறுத்திப் பழக்கினேன். நிமிர்ந்து நிற்பது, கேட்டதற்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்வது, முந்திரிக்கொட்டையாய் நடுவில் பேசாமலிருப்பது.

"கை குடுக்கலாமா மேடம்?" என்று பவித்ரா கேட்டாள்.

"தாராளமாகக் கொடு. ஆனால் வதங்கின கீரை மாதிரி நீட்டாதே. கண்ணைப் பார்த்து அழுத்திக் கொடு."

எந்தக் கை என்று நான் சொல்லவில்லை. எந்தக் கை என்று யாராவது சொல்லுவார்களா?

உலகத்துச் சாரணர்கள் எல்லாரும் இடது கையைத்தான் குலுக்கிக்கொள்வார்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாயே, அதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னேன், நீங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்கிறாயா? இருக்கலாம். நீ பேச ஆரம்பித்தால் நான் கறிவேப்பிலை ஆய ஆரம்பித்துவிடுவேன் என்பது நமக்குள் தெரிந்ததுதானே.

களத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பெரியவர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சர், வாங்க, ஒக்காருங்க" என்று வாய் நிறைய வரவேற்றார். பவித்ரா முன்னே வந்தாள். சாரணியர் வணக்கம் வைத்தாள். அழகு. அப்புறம் நான் பழக்கியபடியே நிமிர்ந்து, கண்ணைப் பார்த்து, இடது கையை நீட்டினாள்.

பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

"என்னா டீச்சர் இது? வூடு தேடி வந்து பீச்சாங்கைய நீட்டுது இந்தப் புள்ள!"

"இது எங்க முறை தாத்தா" என்றாள் பவித்ரா, கையை எடுக்காமல்.

"எந்த ஊரு முறை? சோறு திங்கற கை இருக்கயில, கழுவுற கைய நீட்டுறது எந்த ஊரு முறைங்கறேன்?"

"முன்ன ஒரு நாட்டு வீரருங்க இடது கையிலதான் கேடயம் புடிப்பாங்களாம் தாத்தா. அதக் கீழ வெச்சுட்டு அந்தக் கைய நீட்டுனா, உங்கள நம்புறேன்னு அர்த்தம்."

"நான் என்ன அருவாளோடயா நிக்கறேன், நீ வந்து கேடயத்தக் கீழ வெக்கிறதுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையில் இருமலாக மாற்றிவிட்டேன். ஆனால் அவர் மனைவி அஞ்சலையம்மாள் அடுப்படி வாசலில் நின்று வாய்விட்டே சிரித்துவிட்டார். அதோடு காரியம் கெட்டது. மனைவி சிரித்த பிறகு இறங்கி வருகிற ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை, உன் அண்ணன் உட்பட.

"எடம் கெடயாது. காப்பி குடிச்சுட்டுக் கெளம்புங்க."

கோபத்திலும் காப்பி உண்டு. எட்டுப் பேரும் தம்ளரை வலது கையில், அவர் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் குடித்தார்கள். அதைவிடக் கஷ்டமான காப்பியை நான் குடித்ததில்லை.

நெடுஞ்சாலை நிழற்குடையில் வந்து நின்றோம். சென்னை பஸ்கள் எங்களை மதிக்காமல் பறந்தன. "பேனாவை எடு. நான் சொல்லச் சொல்ல ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது" என்றேன்.

"இருங்க மேடம். மொதல்ல அணிக் கூட்டம் போடணும்."

அங்கேயே வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி எல்லாரும் போய் அழலாம் என்றாள். அவள் பெரியம்மா அழுதுதான் ரேஷன் கார்டு வாங்கினாளாம். இன்னொருத்தி, "மேடத்துக்கு மயக்கம் வந்த மாதிரி அவரு வூட்டு முன்னாடி படுக்க வெச்சுட்டா?" என்றாள். நான் கையை உயர்த்தினேன்.

"மேடம், உங்களுக்கு ஓட்டு இல்ல" என்றாள் பவித்ரா. "கருத்து சொல்லலாம். நாங்க கேட்டா."

இதையும் நீதான் சொல்லிக் கொடுத்தாயா?

பிறகு பவித்ரா எழுந்து பேசினாள். "வலது கைய நான் நீட்ட மாட்டேன். ஸ்டெல்லா மிஸ் சொல்லிக் குடுத்தது இது. ஒரு எடத்துக்காக மாத்திக்கிட்டோம்னா, அப்புறம் உறுதிமொழி எதுக்கு?" எனக்குக் கண் கலங்கியது. நீ பார்த்திருந்தால் பூரித்திருப்பாய். ஓட்டு இருந்தால் அவளுக்கே போட்டிருப்பேன்.

அப்போது நஸ்ரின் வாயைத் திறந்தாள். ஞாபகம் இருக்கிறதா, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெய்லர் மகள், இருப்பதிலேயே சின்னவள், அதிகம் பேசாதவள்.

"அக்கா, உங்கள நம்புறோம்னு அவர்ட்ட சொல்லத்தான நீ கைய நீட்டுனே? அவருக்கு அது ஏசுன மாதிரி போய்ச் சேந்துருச்சு. நமக்கு மட்டும் புரிஞ்சா அது மரியாதையா?"

"அப்ப வலது கைய நீட்டச் சொல்றியா?"

"இல்லக்கா. ரெண்டு கையும் சேத்துக் கும்புடு. இடது கையும் அதுலதான இருக்கு?"

ஓட்டுக்கு விட்டார்கள். பவித்ரா பக்கம் அவள் உயிர்த்தோழி காவ்யா மட்டும். மற்ற கைகள் எல்லாம் நஸ்ரின் பக்கம். நான் பவித்ராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றவர்கள் முகம் எனக்குத் தெரியும். எத்தனையோ ஆசிரியர் கூட்டங்களில் நாற்காலியை இழுத்துத் தள்ளிவிட்டு எழுந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். இவள் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"சரி. நாளைக்குக் காலையில நானே போயிக் கும்புடுறேன். யாரும் மொகத்தத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. நானும்தான்."

இதற்கிடையில் ரஞ்சன்குடியில் நடந்ததைப் பிறகு அஞ்சலையம்மாள் எனக்குச் சொன்னார். பெரியவர் சாயங்காலம் டீக்கடையில் போய் இந்த அநியாயத்தைச் சொல்லியிருக்கிறார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், பள்ளியில் சாரணராக இருந்தவராம், "அதாங்க சாரணர் முறை. இடது கைய குடுத்தாங்கன்னா ஒங்கள அவங்க ஆளா சேத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பெரியவர் பாதி டீயிலேயே வீடு திரும்பிவிட்டார். வீட்டில் அஞ்சலையம்மாள் அதுவரை அவரோடு பேசவில்லை.

மறுநாள் காலை போனோம். பவித்ரா நேராகப் போய் இரண்டு கையையும் கூப்பித் தலையைக் குனிந்தாள்.

"வணக்கம் தாத்தா. நேத்து உங்களுக்கு மரியாத கொறஞ்ச மாதிரி ஆயிடுச்சு. எங்க நெனப்பு அது இல்ல."

நிமிர்ந்து பார்த்தால், பஸ்ஸை நிறுத்துகிறவர் போலப் பெரியவர் இடது கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்கிறார்!

இவள் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை, அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. இரண்டு பேருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, எனக்கு ஓட்டும் இல்லை.

"ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தரு எறங்கி வாங்க. எனக்கு அடுப்புல பால் இருக்கு" என்றார் அஞ்சலையம்மாள்.

"நேத்து நீட்டுன கை இன்னிக்கி எங்க போச்சு?" என்றார் பெரியவர்.

"நேத்து நீங்கதான தாத்தா..."

"நேத்து பேச்சு நேத்தோட போச்சு. புடி புள்ள, கை கடுக்குது."

பிடித்தாள். வதங்கின கீரையாக இல்லாமல்தான் பிடித்தாள். அவருக்கு இரண்டே நிபந்தனை. பொழுது சாய்ந்தால் யாரும் கோட்டை மேல் ஏறக் கூடாது. மோட்டாரை அவர்தான் போடுவார்.

முகாம் நடந்தது ஸ்டெல்லா. எனக்கு ஒரு நாற்காலி கொடுத்து, புளிய நிழல் நகர நகர அதையும் என்னையும் நகர்த்தினார்கள். சாம்பாரில் இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்டார்கள். கூடாரத்துக் கயிற்றைத் தாண்டிக் குறுக்கே போனேன் என்று பவித்ரா எனக்கே விசில் அடித்தாள். கிழவி உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்து வரச் சொல்லித் தலைமையாசிரியை ஒரு டீச்சரை அனுப்பியிருந்தார். அரியலூரிலிருந்து சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ்ஸில் தினமும் வந்து போகிற வினோதினி. தலையெல்லாம் புழுதியாக வந்த பெண், ஐந்து நிமிஷத்தில் போவதாகச் சொல்லிவிட்டு, சாயங்காலம்வரை முடிச்சுப் போடப் பழகிக்கொண்டிருந்தாள். போகும்போது, "கேப்டன் ட்ரெயினிங்குக்கு என் பேரைக் குடுக்கலாமா மேடம்?" என்று கேட்டாள். குடுக்கலாமாவா! அங்கேயே கழுத்துத் துணியை மாட்டிவிட்டிருப்பேன்.

எல்லாரும் தேர்வு முடித்தார்கள். கடைசி நாள் கொடி இறக்குமுன் பவித்ரா பொறுப்பை இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டும், அடுத்த வருஷம் அவளுக்குப் பொதுத் தேர்வு. காவ்யா பெயரைத்தான் சொல்வாள் என்று எல்லாரும் நினைத்தோம். காவ்யாவே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றாள். பவித்ரா விசிலைக் கழற்றி, "நஸ்ரின்னு நான் சொல்றேன். ஓட்டுப் போடுங்க" என்றாள்.

கைகள் எல்லாம் உயர்ந்தன. கடைசியாகக் காவ்யாவின் கையும். என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ஏன் இவள்?" என்று கேட்டேன்.

"இவதான மேடம் என்னைய எதுத்துப் பேசுனா? நான் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறவங்கள வெச்சுட்டுப் போனா, நான் போனப்புறம் அவங்க யாருக்குத் தலையாட்டுவாங்க?"

இத்தனை வருஷம் தலைமை வகித்தவள், எனக்குப் பின்னால் வரப்போகிறவர்கள் யார் என்று நான் இப்படி யோசித்ததில்லை. நீ யோசித்தாயா ஸ்டெல்லா? இல்லை, வெங்காயக் காட்டில் அவளே கண்டுபிடித்துக்கொண்டாளா?

வினோதினி பயிற்சி முடித்து வருகிறவரை இந்தப் பிள்ளைகளுக்குப் பெரியவளாக நான் இருப்பேன். இது என் வாக்கு. நஸ்ரின் பொறுப்பேற்ற முதல் வாரமே அடுத்த முகாம் பச்சைமலையில் என்று முடிவெடுத்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, உனக்கும் சேர்த்தே வாழ்க்கைப்பட்ட
உன் அண்ணி,
லூர்து மேரி