வாசலுக்கு வெளியே ஒரு வேடம்

1998 மார்ச் 7, சனி

தமிழ்ச் சங்கத்துப் புத்தாண்டு விழாவில் 'பண்டைய பாரதத்தில் கல்வி' என்று குழந்தைகள் நாடகமாம். அமெரிக்காவில் இந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தாடி வைத்த தமிழன் நான் ஒருவன்தான் என்பதால் நானே குரு. நாடகம் நடத்தும் ராஜலக்ஷ்மி ஃபோனில் சொன்னாள்: "டயலாக் எதுவும் இல்ல அங்கிள். மரத்தடியில உக்காந்து ஆசீர்வாதம் பண்ணிட்டே இருந்தா போதும்."

பள்ளிக்கூடமே போகாதவன் குரு. சரி.

மார்ச் 14

ஒத்திகை. சீடர்கள் பதினேழு பேர். அதில் ஒன்பது பெண்கள்; அவர்களுக்கும் பூணூல். "வெளிய நிக்கிறவன் யாரு?" என்று ராஜலக்ஷ்மியிடம் கேட்டேன்.

"வெளிய ஏன் அங்கிள் நிக்கணும்?"

"உள்ள விடமாட்டாங்க. அதான்."

"கிட்ஸ் புரோகிராம் அங்கிள். பாசிடிவ்வா இருக்கட்டுமே."

என் அப்பனை எந்தக் குரு உள்ளே விட்டார்? என் பாட்டனை? விருதுநகரில் பஞ்சுப் பொதி சுமந்து, பொதிமேல் அச்சடித்திருந்ததைப் பார்த்து எழுத்துக் கற்றவன் நான். வெளியே ஒருவன் நிற்காவிட்டால் நான் உட்காரமாட்டேன் – சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 15

மகள் தாமரைச்செல்வி: "இங்க வந்துமா சண்டைப்பா? நான் ராஜலக்ஷ்மியோடதான் ஒரே கார்ல கார்பூல் பண்றேன்."

சாம்பாரில் உப்பில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 21

ராஜலக்ஷ்மி இறங்கி வந்தாள். வேடம் உண்டு. ஆனால் யார் பிள்ளை? பதினேழு வீட்டுக்கும் ஃபோன் செய்தாளாம். ஒருத்தி, வெயிலில் நின்றால் பையனுக்கு மூக்கில் ரத்தம் வரும் என்றாளாம். நாடகம் அரங்கத்துக்குள்தான். இன்னொருத்தி: "அவன் ஸ்கூல்ல புத்திசாலிப் பசங்களோட கிஃப்டட் புரோகிராம்ல இருக்கான். அவனைப் போய் வெளிய நிக்க வைக்கிறதா?"

மார்ச் 28

நானே நிற்கிறேன். செயலாளர் ஸ்ரீநிவாசன் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு குருவாகட்டும்.

ஏப்ரல் 18

நின்றேன். முழங்காலுக்கு மேல் வேட்டி, இடுப்பில் துண்டு, இருபத்தைந்து நிமிடம். கால் மரத்துவிட்டது. ஒரு சீடனும் என் பக்கம் திரும்பவில்லை. முடிந்ததும் ஒருவர் கைகுலுக்கினார். "வாட்ச்மேன் ரோல் சூப்பர் அங்கிள்."

இதுக்குத்தான் நின்னேனா?

மே 9

வீடியோ கேசட் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கேமராவை என் பக்கமாக வைத்திருந்திருக்கிறார்கள். படம் முழுக்க நான். குருவும் சீடர்களும் என் தோளுக்குப் பின்னால் பொடிப்பொடியாக.

காலையிலிருந்து நாலு தாய்மார் ஃபோன். கடைசியில் அந்த கிஃப்டட் பையனின் அம்மா. "அடுத்த வருஷம் அந்த ரோல் எங்க பையனுக்கு வேணும் அங்கிள். யார்கிட்ட அப்ளை பண்ணணும்?"

"அதுக்கு அப்ளை பண்ண முடியாதும்மா. அப்படிப் பிறக்கணும்."

"அப்ப வெயிட்லிஸ்ட்லயாவது போடுங்களேன்."

பையன் பெயரை எழுதிக்கொண்டேன். நிற்கட்டும்.