கச்சைக்கு முன் கழன்ற மோதிரம்

"சான்றைத் தந்த கையாலேயே திரும்ப எடுக்க முடியாதா?" என்று, எம்மைச் சான்று அமைச்சராக அமர்த்திய நாளில் அவையோர் நடுவே தாங்கள் வினவினீர்கள். அதற்கு இன்று விடை எழுதுகிறோம்.

கணினிப் பெருநாட்டின் உட்கருக் கோட்டைக்கு அரணாய் நின்று, ஓயாது வந்து போகும் செயல்கள் என்னும் பணியாளரைக் கண் அயராது நோக்கும் வாயில் தளபதி கோவேங்கையார்க்கு, சான்று அமைச்சர் இளவெயினி விடுக்கும் ஓலை. தங்கள் வாயில்கள் நிலைக்க. காவலர் நலம் பெறுக.

அச்சுப் பணி புரியும் தழும்பன் என்னும் செயல், இன்று காலை அச்சு வாயிலைத் திறக்கும் பொருட்டு மோதிர மண்டபம் புகுந்து, முறைப்படி, எல்லா அதிகாரமும் தரும் அரச மோதிரமும் கருவூலக் குழுவின் கச்சையும் அணிந்தான். வேலை முடிந்ததும் முதலில் கச்சையை அவிழ்த்துப் பின்னரே மோதிரத்தைக் கழற்ற வேண்டும். அவனோ அவசரத்தில் மோதிரத்தை முதலில் கழற்றிவிட்டான். கச்சையை அவிழ்க்கும் அதிகாரமும் அதனோடே போயிற்று. கச்சை இன்னும் அவன் இடையில் இருப்பதால், நாட்டின் மறைச்சொற்கள் உறையும் கருவூலம் இப்போது ஓர் அச்சுப் பணியாளனுக்குத் திறந்து கிடக்கிறது.

தங்கள் காவலர் "கருவூலத்தில் பெண் எடுத்திருக்கிறீரோ, மாப்பிள்ளை?" என்று அவனை எள்ளினர் என்றும், மாலைக்குள் அவனை முடித்துவிடத் தாங்கள் பணித்தீர்கள் என்றும் கேட்டோம். கச்சையை நாமே அறுத்துவிட்டால் என்ன என்று எம் மனமும் கிடந்து தவிக்கிறது. ஆயினும் ஒருவன் யார், அவன் அணிந்தவை எவை என்று பதிந்து காட்டும் சான்றைப் பிறர் தொடலாகாது என்பது இந்நாட்டு முறை; அரசரும் தொடார். அவனே தன் சான்றுக்குப் படி எடுத்து, அந்தப் படியில் திருத்தி, பழையதை நீக்கிப் புதியதை முழுதாய் அணிய வேண்டும். பிறர் கைவைத்தால், ஒரு கணம் பாதி பழையவனும் பாதி புதியவனுமாய் நிற்பான். அவனை யாரென்று தங்கள் காவலர் அறிவர்?

ஆகவே தழும்பனை மீண்டும் மோதிர மண்டபத்துக்குள் விடுக. மோதிரம் அணிந்து கச்சையை அவிழ்க்கட்டும். பின் மோதிரத்தைக் கழற்றட்டும். இடையில் கருவூலப் பக்கம் ஓரடி வைப்பானாயின், தங்கள் வாள் எம்மைக் கேட்க வேண்டாம். இரண்டும் அணிந்து அவன் நிற்கப்போகும் அந்தக் கணத்தில் கருவூலம் முழுதும் அவன் கையில் என்பதை அறிவோம். பழி வந்தால் எம்மைச் சேர்க.

இஃது உட்கருவின் ஆணை. சான்று முத்திரை இட்டோம்.

முத்திரை இட்டபின், எம்முன் அமர்ந்திருந்த தழும்பனுக்கே இவ்வோலையைப் படித்துக் காட்டி, உயிர் பிழைக்க வழி இது ஒன்றே என்றோம். தழும்பன் கச்சையை ஒரு கையால் இறுகப் பற்றியபடி எழுந்தான். எம்மைப் பாராமல் தங்கள் வாயிலை நோக்கி வெளியேறினான்.